வாசலைத் திறந்தோம், மூடினோமா?

(மூன்றாம் ஆண்டு கணினி அறிவியல் மாணவர் ஒருவர்)

செஞ்சியிலே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கோட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் இணைத்து ஓடும் மதிலை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். இராஜகிரியின் உச்சிக்குச் செல்பவர் வாயில் வாயிலாகக் கடந்து, கடைசியில் ஒரு பெரும் பாறைப் பிளவின் முன் வந்து நிற்பார். அதன்மேல் போட்ட பாலத்தை எடுத்துவிட்டால் எத்தகைய படையும் அப்பால் போக முடியாது. 1677-இல் சிவாஜியின் கைக்கு வந்த இக்கோட்டையை 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்டு நின்றது. அத்தனை படை சூழ்ந்திருந்தும், கோட்டை விழுவதற்குச் சற்று முன்னர் இராஜாராம் வெளியேறித் தப்பிவிட்டார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் காலப் படைக்கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றபோது, அவற்றுள் ஒன்றாக நம் செஞ்சியும் இடம் பெற்றது. நமக்கெல்லாம் அது பெருமைதான்.

ஆனால் நான் இங்கே எழுத வந்தது கோட்டையின் பெருமை அன்று. உள்ளே வருவோரைத் தடுக்க எத்தனை வாயில் வைத்தாலும், வெளியே செல்வோரைக் கவனிக்காவிட்டால் காவல் பாதிதான் என்பதைச் சொல்லவே கோட்டையை முன்னே நிறுத்தினேன். கணினித் துறையில் பயிலும் நாம் இணையதளங்களுக்கு அழகழகாக நுழைவாயில் கட்டுகிறோம். வெளிவாயிலைப் பற்றி நினைப்பதே இல்லை. 'லாகின்' பக்கத்துக்கு ஒரு மாதம் உழைப்பவர் 'லாக்அவுட்' பொத்தானுக்கு ஒரு நிமிடம் கூடச் செலவிடுவதில்லை. இது தவறு என்பது என் கருத்து. இதை நான் ஏட்டிலிருந்து கற்கவில்லை. ஒரு தங்கையின் கண்ணீரிலிருந்து கற்றேன்.

பேருந்து நிலையத்தருகே நடந்தது

சென்ற ஆண்டு கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி வாரம். பேருந்து நிலையத்தருகே உள்ள ஒரு பிரௌசிங் சென்டரில் கூட்டம் நிரம்பி வழிந்தது. சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து வந்த மாணவ மாணவியர் கையில் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களோடு காத்திருந்தனர். என் முறை வந்தது. எனக்கு முன் உட்கார்ந்திருந்த மாணவி எழுந்து போயிருந்தாள். திரையில், 'நன்றி, நீங்கள் வெளியேறிவிட்டீர்கள்' என்ற வாசகம் இருந்தது.

நானும் அதே இணையதளத்துக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். முகவரியைத் தட்டினேன். பயனர் பெயர் கேட்கும் என்று பார்த்தால், கேட்கவில்லை. அந்த மாணவியின் பெயரைச் சொல்லி வரவேற்றது! அவள் படம், தந்தையின் கைப்பேசி எண், வங்கிக் கணக்கு எண், குடும்ப வருமானம் எல்லாம் என் கண் முன்னே இருந்தன. திடுக்கிட்டு 'வெளியேறு' என்ற பொத்தானை அழுத்தினேன். மறுபடியும் அதே 'நன்றி'. மறுபடியும் முகவரியைத் தட்டினேன். மறுபடியும் அவள் பெயர்!

கடைக்காரரை அழைத்துக் காட்டினேன். இணைய மையம் நடத்துவோர் வந்து போவோரின் விவரத்தைப் பதிவேட்டில் எழுதி, ஓராண்டேனும் காத்து வைக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டு விதி. அந்தப் பதிவேட்டைப் பார்த்து அவர் அந்த மாணவிக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊருக்குப் பேருந்து ஏறப் போனவள் ஓடி வந்தாள்.

"என்னம்மா, கணக்கைத் திறந்து போட்டுட்டுப் போயிட்டியே! இது என்ன உன் வீடா?" என்று கடைக்காரர் எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டார்.

அவள் என்னைப் பார்த்து, "அண்ணா, நான் லாக்அவுட் அமுக்கினேன் அண்ணா. நன்றின்னு வந்துச்சு. அப்புறந்தான் எழுந்தேன்" என்றாள். கண்கள் கலங்கியிருந்தன. வரிசையில் நின்ற யாரும் அவள் சொன்னதை நம்பவில்லை. நான் நம்பினேன், ஏனென்றால் நானும் அமுக்கிப் பார்த்தவன்.

உலாவியில் சேர்ந்திருந்த தரவுகளை முழுவதும் அழித்த பிறகுதான் அந்தக் கணக்கு அந்தக் கணினியை விட்டு அகன்றது. அவளைக் கடவுச்சொல்லையும் மாற்றச் சொல்லி அனுப்பினோம். நல்லவேளை, எதுவும் களவு போகவில்லை. என் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தால்? வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றியிருந்தால் அவளுடைய ஓராண்டு உதவித்தொகை வேறு யாருக்கோ போயிருக்கும். அப்போதும் ஊர் அவளைத்தான் குறை சொல்லியிருக்கும்.

மறதிக்கார அரசனும் கணையாழியும்

இது எப்படி நேர்ந்தது என்பதைப் பிற துறை நண்பர்களுக்கும் விளங்கும்படி சொல்ல முயல்கிறேன்.

காளிதாசரின் சாகுந்தலக் கதையை அறியாதார் யார்? சாபத்தால் துஷ்யந்த மன்னன் சகுந்தலையை மறந்துபோகிறான். அவன் அளித்த கணையாழியைக் காட்டினால்தான் நினைவு வரும். அவளோ அதை ஆற்றில் தவறவிட்டு வந்து நிற்கிறாள். மன்னன் "நீ யார்?" என்கிறான்.

இணையத்தின் சர்வரும் இப்படிப்பட்ட மறதிக்கார அரசன்தான். ஒரு பக்கத்தை அனுப்பி முடித்ததும், கேட்டவர் யார் என்பதை அது மறந்துவிடும். எச்டிடிபி என்னும் விதிமுறையின் இயல்பே அது. இந்த மறதிக்கு மருந்தாக 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொண்டூலி என்பவர் கண்டதுதான் 'குக்கீ'. நாம் கடவுச்சொல் கொடுத்து உள்ளே நுழைந்ததும், சர்வர் ஊகிக்க முடியாத ஒரு நீண்ட எழுத்துத் தொடரை நம் உலாவியிடம் கொடுக்கிறது. அதுவே கணையாழி. அதன் இணையைத் தன் பதிவிலும் வைத்துக்கொள்கிறது. பிறகு ஒவ்வொரு முறையும் உலாவி அதைக் காட்ட, 'ஓ, நீங்களா!' என்று சர்வர் அடையாளம் கண்டுகொள்கிறது. இந்தத் தொடர்பு நீடிக்கும் காலத்தைத்தான் 'செஷன்', அதாவது அமர்வு, என்கிறோம்.

கணையாழியின் தீங்கும் இங்கேதான் இருக்கிறது. மோதிரம் யார் கையில் இருக்கிறதோ அவரே உரியவர் என்று அரசன் நம்பிவிடுவான். மீன் வயிற்றில் அதைக் கண்டெடுத்த செம்படவனைக் காவலர் விசாரிக்கவாவது செய்தனர். நம் சர்வர் பெரும்பாலும் விசாரிப்பதே இல்லை. 2010 அக்டோபரில் 'ஃபயர்ஷீப்' என்றொரு சிறு மென்பொருள் வெளிவந்தது. ஒரே வைஃபை இணைப்பில் அமர்ந்திருப்பவரின் குக்கீயைக் கவர்ந்து, அவருடைய ஃபேஸ்புக், ட்விட்டர் கணக்குகளுக்குள் நுழைய அது வழி செய்தது. கடவுச்சொல்லைத் திருடத் தேவையே ஏற்படவில்லை. நுழைவுப் பக்கத்துக்கு மட்டும் மறையாக்கம் போதும் என்று எண்ணிய பல தளங்கள் அதன் பின்னரே தம் பக்கங்கள் அனைத்தையும் எச்டிடிபிஎஸ் பாதுகாப்புக்குள் கொண்டுவர விரைந்தன.

2018 செப்டம்பரில் ஃபேஸ்புக்கில் நேர்ந்ததும் இத்தகையதே. மென்பொருளில் இருந்த பிழைகள் வழியாகப் பயனர்களின் நுழைவு வில்லைகள் களவு போயின. சுமார் 3 கோடிப் பேரின் வில்லைகள் திருடப்பட்டன என்று அந்நிறுவனமே பின்னர் அறிவித்தது. அதற்கு அவர்கள் செய்த வைத்தியம் என்ன தெரியுமா? சுமார் 9 கோடிக் கணக்குகளைக் கட்டாயமாக வெளியேற்றினார்கள். பழைய கணையாழிகளை எல்லாம் செல்லாக்காசு ஆக்கிவிட்டு, மறுபடியும் வாசலில் வந்து பெயர் சொல்லச் சொன்னார்கள். ஆபத்து வேளையில் உதவுவது நுழைவாயில் அன்று, வெளிவாயில்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன்

அந்த மாணவி கண்ணீரோடு சென்ற இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இரண்டாம் ஆண்டில் நான் செய்த திட்டப்பணி நினைவுக்கு வந்தது. துறை நூலகத்தின் புத்தக வரவு செலவைக் கவனிக்கும் ஒரு தளம். பிஎச்பியிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் எழுதியது. நல்ல மதிப்பெண்ணும் பெற்றது. எழுந்து அதைத் திறந்து பார்த்தேன். 'லாக்அவுட்' என்ற சொல்லுக்குப் பின்னால் இருந்தது ஒரே ஓர் இணைப்பு: நுழைவுப் பக்கத்துக்குப் போ என்பது மட்டும். அமர்வு அழியவில்லை, குக்கீ போகவில்லை. அந்த இணையதளத்தைக் கட்டியவர் செய்த அதே பிழை! அவரைத் திட்டிக்கொண்டே படுத்தவன், என்னைத் திட்டிக்கொண்டே எழுந்தேன்.

வாசற்படியைத் தாண்டி விருந்தாளியை அனுப்பிவிட்டு, அவர் கையிலிருந்த சாவியைத் திரும்ப வாங்காமலும், பூட்டையும் மாற்றாமலும் 'போய் வாருங்கள்' என்று சொல்வதற்கு ஒப்பானது இது. 'நன்றி' என்ற வாசகம் வெறும் உபசாரம், காவல் அன்று.

செய்ய வேண்டியவை

வெளிவாயிலை ஒழுங்காக அடைப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பேராசிரியர்களிடம் கேட்டும், நானே சோதித்தும் அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

முதலாவது, லாக்அவுட் அழுத்தியதும் சர்வரில் உள்ள பதிவு அழிய வேண்டும். பிஎச்பியில் அமர்வு மாறிகளை வெறுமையாக்கி, 'செஷன் டெஸ்ட்ராய்' என்ற கட்டளையை இட்டு, உலாவியில் உள்ள குக்கீயையும் காலாவதியாக்க வேண்டும். அந்தக் கட்டளை மட்டும் குக்கீயை அகற்றாது என்பதை நம்மில் பலர் அறிவதில்லை. உலாவியில் மட்டும் அழித்துவிட்டு சர்வரில் விட்டுவைப்பதோ இன்னும் தீது. முன்பே அந்தக் குக்கீயை நகல் எடுத்தவன் தொடர்ந்து உள்ளே உலாவுவான்.

இரண்டாவது, உள்ளே நுழையும் கணத்தில் புதிய அமர்வு எண் தர வேண்டும். பழைய எண்ணையே தொடர்ந்தால், தான் அறிந்த ஓர் எண்ணைப் பிறர் தலையில் முன்கூட்டியே கட்டிவைத்த கயவன், அவர் நுழைந்ததும் பின்னாலேயே நுழைந்துவிடுவான்.

மூன்றாவது, குக்கீக்கு மூன்று காவலர் உண்டு. 'செக்யூர்' என்பது மறையாக்கம் இல்லாத வழியில் அதைப் போகவிடாது. 'எச்டிடிபி ஒன்லி' என்பது பக்கத்தில் புகுந்த களவு நிரல் அதைப் படிக்கவிடாது. 'சேம்சைட்' என்பது பிற தளங்கள் தூண்டும் கோரிக்கைகளோடு அதை அனுப்புவதைக் கட்டுப்படுத்தும். மூன்றும் அமைக்க மூன்று சொற்களே தேவை.

நான்காவது, கால வரம்பு. பயனர் ஒன்றும் செய்யாமல் இருந்தால் எத்தனை நிமிடத்தில் அமர்வு முடிய வேண்டும்? பணம் புழங்கும் தளங்களுக்கு 2 முதல் 5 நிமிடம், ஏனையவற்றுக்கு 15 முதல் 30 நிமிடம் என்பது ஓவாஸ்ப் என்ற பன்னாட்டு அமைப்பு கூறும் பொதுக் கணக்கு. பிஎச்பியில் இயல்பாக 1440 விநாடி, அதாவது 24 நிமிடம், என்றிருக்கிறதே என்று சிலர் அமைதி கொள்வர். அது பழைய பதிவுகளைப் பெருக்கித் தள்ளும் கணக்கு. அந்தத் துப்புரவும் ஒவ்வொரு முறையும் நடப்பதில்லை, எப்போதாவதுதான் நடக்கும். ஆகவே கடைசியாகப் பயன்படுத்திய நேரத்தை நாமே குறித்து வைத்து ஒப்பிட வேண்டும்.

ஐந்தாவது, பக்கத்தை உலாவி சேமித்து வைக்காதபடி 'நோ ஸ்டோர்' என்ற குறிப்பை அனுப்ப வேண்டும். இல்லையேல் வெளியேறிய பிறகும் பின்னோக்கிய அம்புக்குறியை அழுத்தினால் பழைய பக்கம் கண்ணில் படும்.

ஆறாவது, கடவுச்சொல் மாறினால் எல்லாக் கருவிகளிலும் உள்ள அமர்வுகள் முடிய வேண்டும். இப்போது பலர் விரும்பும் ஜேடபிள்யூடி என்ற கையொப்ப வில்லைகளுக்கு இது மிகவும் பொருந்தும். அவை சர்வரின் பதிவில்லாமலே, குறித்த நேரம் வரை செல்லும். எனவே அவற்றின் ஆயுளைச் சில நிமிடங்களாகச் சுருக்குவதும், ரத்தானவற்றுக்கு ஒரு பட்டியல் வைப்பதும் இன்றியமையாதவை.

எதிர்வாதங்களுக்கு விடை

"மக்கள் கவனமாக இருந்தால் போதாதா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அந்த மாணவி கவனமாகத்தான் இருந்தாள். அழுத்த வேண்டிய பொத்தானை அழுத்தினாள். வீட்டிலேயே கணினி வைத்திருப்பவருக்கு இது சிறு பிழை; கைப்பேசிக் கட்டணத்துக்கே கணக்குப் பார்க்கும் வீட்டுப் பிள்ளை பொதுக் கணினியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. ஆகவே இப்பிழையின் சுமை ஏழையின் தலையில்தான் முதலில் விழுகிறது. கட்டியவன் செய்த தவறுக்கு நடந்தவனைக் குறை சொல்வது நீதி ஆகாது.

"அடிக்கடி வெளியேற்றினால் தொல்லைதானே?" என்று இன்னொருவர் கேட்டார். இதில் உண்மை இருக்கிறது. பாதி விண்ணப்பம் நிரப்பியிருக்கும்போது அமர்வு முடிந்து, எழுதியதெல்லாம் மறைந்த வேதனையை நானும் பட்டிருக்கிறேன். நம் பக்கத்துக் கிராமங்களில் ஓடிபி வந்து சேர்வதற்குள் பொழுது போய்விடும். ஆனால் அதற்குப் பரிகாரம் வாசலைத் திறந்து வைப்பது அன்று. நிரப்பியதை அவ்வப்போது சேமித்து வைத்தலும், முடிவதற்கு இரண்டு நிமிடம் முன்னே எச்சரித்தலும்தான் பரிகாரம்.

2025 நவம்பர் 28 அன்று மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை, வாட்ஸ்அப் போன்ற செய்திச் செயலிகள் கணினியில் திறக்கும் வடிவத்தை 6 மணி நேரத்துக்கு மிகாமல் தாமே வெளியேற்றிவிட வேண்டும் என்று ஆணையிட்டது. மோசடிகளைத் தடுப்பது அதன் நோக்கம். நோக்கம் நன்று. ஆயினும் ஒரு பிரௌசிங் சென்டரில் 6 மணி நேரத்துக்குள் எத்தனை பேர் ஒரே நாற்காலியில் மாறி மாறி அமர்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கடிகாரத்தை மட்டும் நம்பிப் பயனில்லை. வெளியேறுகிறேன் என்று ஒருவர் சொன்ன அந்தக் கணமே கதவு சாத்தப்பட வேண்டும். கால வரம்பு என்பது சொல்ல மறந்தவருக்கான இரண்டாம் தாழ்ப்பாள் மட்டுமே.

சட்டத்தையும் நினைவூட்டிவிடுகிறேன். பிறருடைய கடவுச்சொல்லையோ அடையாளக் குறியையோ நேர்மையின்றிப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும் 1 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் பெறத்தக்க குற்றம். திறந்திருந்தது என்பதால் நுழைந்தேன் என்பது விடையாகாது. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

நம்மால் ஆகக்கூடியது

நாம் சிற்றூர்க் கல்லூரி மாணவர்கள், நம்மால் என்ன ஆகும் என்று எண்ண வேண்டாம். 2021-இல் சென்னைத் தாம்பரத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த ஒரு மாணவர், ஐஆர்சிடிசி தளத்தில் டிக்கெட் எடுக்கும்போது ஒரு பிழையைக் கண்டார். உள்ளே நுழைந்த ஒருவரால் பிறர் விவரத்தையும் பார்க்க முடிந்தது. அவர் அதைச் செர்ட்-இன் என்ற நடுவண் அமைப்புக்கு எழுதினார். சில நாள்களில் பிழை திருத்தப்பட்டது. வாசலில் ஒரு முறை கேட்டால் போதாது, ஒவ்வோர் அறையிலும் 'இது உங்களுடையதா?' என்று கேட்க வேண்டும் என்ற பாடத்தை ஒரு பள்ளி மாணவர் நாட்டுக்கே நடத்தினார்.

நானும் பேராசிரியர் ஒருவரின் உதவியோடு அந்த உதவித்தொகைத் தளத்தாருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. ஆனால் அடுத்த மாதம் என் சொந்தக் கணக்கில் சோதித்தபோது, வெளியேறிய பின் முகவரியைத் தட்டினால் நுழைவுப் பக்கமே வந்தது. என் கடிதத்தால்தானா என்று நான் அறியேன். அறிய வேண்டிய தேவையும் இல்லை.

என் நூலகத் தளத்தையும் திருத்திவிட்டேன். திருத்த ஆன நேரம் ஒரு பிற்பகல். அந்த ஒரு பிற்பகலை முன்பே செலவிட்டிருக்கலாமே என்பதுதான் வருத்தம்.

எனவே பேராசிரியப் பெருமக்களிடம் என் பணிவான வேண்டுகோள் இரண்டு. இறுதியாண்டுத் திட்டப்பணியின் வாய்மொழித் தேர்வில் லாகின் பக்கத்தைக் காட்டச் சொல்வதற்கு முன், லாக்அவுட் செய்யச் சொல்லி, பிறகு அதே முகவரியைத் தட்டச் சொல்லுங்கள். உள்ளே போனால் மதிப்பெண்ணைக் குறையுங்கள். இரண்டாவதாக, நம் ஆய்வகக் கணினிகளின் உலாவிகளை, மூடியவுடன் எல்லாவற்றையும் மறக்கும்படி அமைக்க வேண்டுகிறேன்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும்போது மரக்கன்று நடுவதோடு, ஊர் இணைய மையங்களில் 'இன்காக்னிட்டோ' சாளரத்தில் வேலை செய்து, முடிந்ததும் அந்தச் சாளரங்கள் அனைத்தையும் மூடும் பழக்கத்தையும் கற்றுக்கொடுங்கள். ஐந்து நிமிடப் பாடம். பல குடும்பங்களுக்குக் காவல்.

மாலையில் கோட்டையைச் சாத்தும் நேரத்தில் காவலர் விசில் ஊதிக்கொண்டு படிகளில் ஏறி, உள்ளே யாரும் தங்கிவிடவில்லை என்று பார்த்த பிறகே கதவை அடைப்பதைக் கண்டிருக்கிறீர்கள். 'நேரமாகிவிட்டது' என்ற பலகையை வாசலில் மாட்டிவிட்டு அவர் வீட்டுக்குப் போவதில்லை. நாளை நாம் கட்டப்போகும் தளங்களில் உட்காரப் போகிறவர்கள் நம் வீட்டுத் தங்கையரும் தம்பியரும்தான். அவர்கள் 'வெளியேறுகிறேன்' என்று சொன்னால், அது மெய்யாகவே வெளியேறுதலாக இருக்கட்டும்.